டிராவல் டிரெய்லரில் சாமான் அடுக்குவது: பின்பக்கம் ஆடுகிறது, மேல் அலமாரி தானாகத் திறக்கிறது. உதவி தேவை

கேள்வி – டல்லாஸ்காரன்

வணக்கம். இந்த வருடம் 24 அடி டிராவல் டிரெய்லர் (டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டி) ஒன்றைப் பழசாக வாங்கினோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. முதல் இரண்டு பயணம் பக்கத்திலேயே, ஒரு குறையும் இல்லை. மூன்றாவது, டெக்சாஸிலேயே அமரில்லோ ஊர்ப் பக்கம் உள்ள பாலோ டூரோ பள்ளத்தாக்குக்கு, ஐந்து நாள். இடம் போதாது என்று பின்சுவரை ஒட்டி அலமாரி அடித்து, 20 பவுண்டு அரிசி மூட்டை, கிரைண்டர், குடிநீர் கேன்கள், குக்கர் எல்லாவற்றையும் அங்கே அடுக்கினேன். பின் பம்பரில் ஸ்டாண்டு மாட்டி நான்கு சைக்கிள்.

287 நெடுஞ்சாலையில் அமரில்லோ நெருங்கும்போது ஒரு பெரிய லாரி கடந்து போனது. டிரெய்லர் இடமும் வலமும் வால் ஆட்ட ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் அலறினார்கள், எனக்குக் கை நடுங்கியது. நிறுத்தி உள்ளே பார்த்தால் மேல் அலமாரிக் கதவு திறந்து, எவர்சில்வர் பாத்திரமெல்லாம் தரையில். இன்னும் நல்ல பெட்டிகள் வாங்கினால் சரியாகுமா? கட்டிலுக்கு அடியில் பூஞ்சை வாசனை வேறு.

பதில் – ஹூஸ்டன் அக்கா

தம்பி, எல்லாரும் பத்திரமாக இருக்கிறீர்களே, அதுவே போதும். பெட்டி வாங்குவதை இப்போதைக்கு விடுங்கள். கனமான சாமான் எல்லாம் வாலில் போய் உட்கார்ந்துவிட்டது, அதுதான் கோளாறு. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் டிரக்கோடு மாட்டும் முன் கொக்கியில் இறங்க வேண்டும். பின்னால் பாரம் ஏற ஏற கொக்கி லேசாகும், ஒரு காற்று அடித்தால் போதும், ஆட ஆரம்பிக்கும். பம்பரில் தொங்கும் சைக்கிள் டிரெய்லரின் சக்கர அச்சிலிருந்து வெகுதூரம் தள்ளி இருப்பதால், அதன் எடையைவிட அது செய்யும் கெடுதல் பெரிது.

மறுபடி ஆடினால் டிரக் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக் கண்ட்ரோலரில் (டிரெய்லர் பிரேக்கை இயக்க டிரக்கில் ஓட்டுநர் பக்கம் இருக்கும் கருவி) கையால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் மெதுவாகப் போடுங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் எல்லாருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

பதில் – வண்டிப்பித்தன்

அக்கா சொன்னதுதான். ஊகம் வேண்டாம், எடை போட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் எடைமேடை இருக்கும், செலவு கொஞ்சம்தான். டிரெய்லரை மாட்டி, எடை பகிரும் கம்பிகளை (கொக்கியின் பாரத்தை மற்ற அச்சுகளுக்கும் பிரித்துக் கொடுப்பவை) கழற்றிவிட்டு ஒருமுறை. பிறகு டிரக்கை மட்டும் ஒருமுறை. டிரக்கின் இரண்டு அச்சிலும் கூடுதலாகக் காட்டுவது கொக்கி எடை. அதோடு டிரெய்லர் அச்சின் எடையைக் கூட்டினால் மொத்தம்.

தண்ணீரை மறக்காதீர்கள். ஒரு காலன் 8.3 பவுண்டு, 40 காலன் தொட்டி நிறைந்தால் 330 பவுண்டுக்கு மேல். தொட்டி அச்சுக்கு முன்னாலா, பின்னாலா என்று குனிந்து பாருங்கள்.

டல்லாஸ்காரன்

எடை போட்டேன். மொத்தம் 6,130 பவுண்டு, கொக்கியில் 430. ஏழு சதவீதம்தான்! எங்கள் டிரெய்லரின் வரம்பு 6,500, அதற்குள்தானே இருக்கிறோம் என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்திருக்கிறேன். தொட்டியும் அச்சுக்குப் பின்னால். சைக்கிளை டிரக்கின் பின்தட்டில் போடலாமா?

பதில் – வண்டிப்பித்தன்

போடலாம், ஆனால் ஓட்டுநர் கதவு நிலையில், டிரக்கில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று சொல்லும் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு. ஆட்கள், சைக்கிள், கொக்கி எடை எல்லாம் சேர்ந்து அந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும்.

பதில் – ஹூஸ்டன் அக்கா

சமையல் சாமானுக்கு வருகிறேன். அரிசி, கிரைண்டர், குக்கர் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலோ, தரையோடு தரையாக. மேல் அலமாரி மெல்லிய பலகைதான், அதில் அப்பளம், டீத்தூள், துண்டு மாதிரி லேசானது மட்டும். திரைச்சீலைக்குப் போடுவோமே, திருகினால் நீளும் கம்பி, அதைக் கதவுக்கு உட்பக்கம் குறுக்கே மாட்டினால் கதவு திறந்தாலும் சாமான் விழாது. பாத்திரத்தை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு இடையில் பழைய வேட்டித்துணி வையுங்கள், சத்தமே வராது. பருப்பு வகைக்கு எங்கள் வீட்டில் டிபன் கேரியர்தான்: நாலு அடுக்கு, ஒரு பூட்டு, ஒரு சாண் இடம்.

கட்டிலடியில் அட்டைப்பெட்டி இருந்தால் இன்றே எடுங்கள். ஈரம் குடிக்கும், எலியும் வரும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி. மெத்தைக்குக் கீழே மரச்சட்டம் போட்டால் காற்று ஓடும்.

டல்லாஸ்காரன்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பின் அலமாரியைப் பிரித்துவிட்டேன். கனமானதெல்லாம் முன்பக்க அறையில், சைக்கிள் டிரக்கில் (ஸ்டிக்கர் பார்த்தேன், இடம் இருக்கிறது), தண்ணீர் 10 காலன் மட்டும், மீதி போய்ச் சேர்ந்த இடத்தில் பிடிக்கிறோம். இப்போது மொத்தம் 5,700, கொக்கியில் 720. அதே 287-இல் அதே காற்றில் ஓட்டினேன், லாரிகள் கடந்தன, டிரெய்லர் அசையவில்லை. அம்மா பின்சீட்டில் தூங்கிவிட்டார்கள். அக்கா, அண்ணா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மரச்சட்டம் இந்த வாரம் போடுகிறேன்.