கீழ மாசி வீதியில் என் படங்களை அழிக்கவைத்தார்கள்: தெருவில் படம் எடுக்க யாருடைய அனுமதி வேண்டும்?

வைகைக்கரையோன்:
சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மதுரைக் கீழ மாசி வீதியில் நின்றுகொண்டிருந்தேன். லாரியிலிருந்து மிளகாய் வற்றல் மூட்டைகள் இறங்கும் நேரம். மூட்டை தரையில் விழும்போது எழும் தூசிக்குள் சாய்வெயில் நுழையும். அந்த வெளிச்சத்துக்காகவே மாதம் ஒருமுறை அங்கே போகிறேன். ஒரு கடைக்காரர் வந்து, "யாரைக் கேட்டு எடுக்கிறாய்?" என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். பொது வீதி என்றேன். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்த வழியாக வந்த காவலர் ஒருவர் கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டு, நாற்பது படங்களையும் என் கையாலேயே அழிக்கச் சொன்னார். எந்தச் சட்டப்படி என்று கேட்டேன். "ஸ்டேஷனுக்கு வா, சொல்கிறேன்" என்றார். அழித்துவிட்டு வந்தேன். இரண்டு நாளாக மனம் ஆறவில்லை.

கண்ணால் பார்க்க எல்லோருக்கும் உரிமை உள்ள ஒன்றைக் கேமராவால் பார்த்தால் அது எப்படிக் குற்றமாகும்?

ஆவணி மூல வீதி வியாபாரி:
உங்கள் வருத்தம் புரிகிறது தம்பி. ஆனால் கடைக்காரர் பக்கத்தையும் பாருங்கள். தெற்கு ஆவணி மூல வீதியில் எங்களுக்கு நகைக்கடை. வாசலில் நின்று ஒருவர் பத்து நிமிடம் படம் எடுத்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். ஷட்டர் எத்தனை மணிக்கு இறங்குகிறது, சரக்கு எந்தப் பக்கமாக வருகிறது என்று நோட்டம் பார்க்கிறவரும் இப்படித்தான் நிற்பார். நல்லவர் யார், கெட்டவர் யார் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா?

வைகைக்கரையோன்:
அண்ணாச்சி, உங்கள் கடை வாசலில் எத்தனை கேமரா இருக்கின்றன? அவை தெருவைப் பார்த்துத்தானே இருக்கின்றன? அந்த வழியாகப் போகும் என்னையும், என் மனைவியையும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளையும் நாள் முழுவதும் எடுக்கின்றன. எங்களில் யாரிடம் கேட்டீர்கள்?

ஆவணி மூல வீதி வியாபாரி:
நியாயமான கேள்விதான். ஆனால் என் கேமராவில் பதிவது சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். திருடு போனால் தவிர யாரும் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நீங்கள் எடுப்பது ஊர் பார்ப்பதற்காக. இணையத்தில் ஏறினால் இறங்காது. இரண்டும் ஒன்றாகுமா?

கே.கே.நகர் வக்கீல்:
தொழில் முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். பொது இடத்தில் படம் எடுப்பதைப் பொதுவாகத் தடை செய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துச் சுதந்திரத்துக்குள் படமும் அடங்கும். விலக்குகள் உண்டு. 1923ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டம் தடை செய்த இடங்கள், கோயில்கள். மீனாட்சி அம்மன் கோயிலில் 2018 முதல் மொபைலுக்கே தடை. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோயில்கள் எல்லாவற்றிலும் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. அது கோயிலுக்குள். வீதிக்கு அது பொருந்தாது.

பெண்களைப் பொறுத்தவரை, தனிமையை எதிர்பார்க்கும் நிலையில் உள்ள ஒருவரை எடுப்பது 2013 முதலே குற்றம். இப்போது அது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றி எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66E பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மூட்டை இறக்குவதை எடுத்தது இவற்றில் எதிலும் வராது.

முக்கியமானது இதுதான். குற்றத்தோடு தொடர்புடையது என்ற சந்தேகம் இருந்தால் காவலர் ஒரு பொருளைக் கைப்பற்றலாம். கைப்பற்றியதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். படத்தை அழி என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. குற்றம் என்று நினைத்திருந்தால், அவர் அழிக்கவைத்தது சாட்சியத்தை அல்லவா? குற்றம் இல்லை என்றால் கேமராவைத் தொட்டதே தவறு.

வைகைக்கரையோன்:
நன்றி ஐயா. சட்டம் தெளிவாக இருக்கிறது. இனி யார் கேட்டாலும் இதையே சொல்வேன்.

பூக்காரி மகள்:
சட்டம் உங்களுக்குத் தெளிவாக இருக்கலாம். எனக்கு இல்லை.

என் அம்மா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை கட்டுகிறார். முகூர்த்த நாள் வந்தால் இரண்டு இரவு தூக்கம் கிடையாது. அப்படி ஓர் அதிகாலையில் மூட்டையில் சாய்ந்து கண் அயர்ந்திருக்கிறார். யாரோ படம் எடுத்திருக்கிறார். நான்கு ஆண்டு கழித்து, வேறோர் ஊரில் என்னுடன் வேலை பார்க்கும் பெண், ஓர் உணவகத்தின் சுவரில் மூன்றடி உயரத்துக்கு மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள். வாய் திறந்து, முந்தானை விலகித் தூங்கிக்கொண்டிருந்தது என் அம்மா. கீழே 'வறுமையின் அழகு' என்று எழுதியிருந்தார்கள்.

என் அம்மா வறியவர் அல்லர். பூக்கட்டி வீடு கட்டியவர், என்னை எம்.எஸ்ஸி. படிக்கவைத்தவர். படத்தைக் காட்டியபோது வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தூங்குகிறவளைக்கூட விடவில்லையே" என்று மட்டும் சொன்னார். அன்று முதல் மார்க்கெட்டில் உட்காரும் இடத்தை மாற்றிக்கொண்டார். வெளிச்சம் படாத மூலை. வியாபாரம் குறைந்த மூலை.

கண்ணால் பார்ப்பதும் கேமராவால் பார்ப்பதும் ஒன்றுதான் என்கிறீர்கள். அன்று மார்க்கெட்டில் அம்மாவைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட அவரை ஒரு சுவரில் ஆணி அடித்து மாட்டவில்லை.

வைகைக்கரையோன்:
தங்கையே, அந்தப் படத்தையும் அதற்கு இட்ட பெயரையும் நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்சம்மதம் என்று விதித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2025 ஜூனில் நமக்கு அருகில், மடப்புரத்தில், கோயில் காவலாளி ஒருவரைப் போலீசார் விசாரணை என்ற பெயரில் அடித்தார்கள், அவர் இறந்தார். அடித்ததை ஒருவர் மறைந்திருந்து மொபைலில் எடுத்த சில விநாடிக் காட்சிதான் மதுரைக் கிளையின் முன் சென்று நாட்டையே உலுக்கியது. சம்மதம் கேட்டா எடுத்திருக்க முடியும்? என்னை அழிக்கச் சொன்ன குரலும் அன்று அந்த இடத்தில் நின்றவர்களின் குரலும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

பூக்காரி மகள்:
அவர்கள் கையில் லத்தி இருந்தது. என் அம்மா கையில் வாழைநார் இருந்தது. அதிகாரம் உள்ளவரை எடுக்கும் உரிமையைக் காட்டித் தூங்கும் பூக்காரியை எடுக்கும் உரிமையை வாங்கிக்கொள்ளாதீர்கள். மடப்புரத்தில் படம் எடுத்தவர் உயிரைப் பணயம் வைத்தார். என் அம்மாவை எடுத்தவர் எதை வைத்தார்?

டவுன்ஹால் ரோடு ஸ்டூடியோக்காரர்:
நாற்பத்திரண்டு ஆண்டு ஸ்டூடியோ நடத்தியவன். இருவர் சொல்வதும் எனக்குச் சுடுகிறது.

1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற வெள்ளைக்கார அதிகாரி மதுரையைப் படம் எடுத்தார். பழுதுபார்ப்பதற்கு முன்பு திருமலை நாயக்கர் மகால் எப்படி இடிந்து கிடந்தது என்பதற்கு அவர் படங்கள் சாட்சி. ஆனால் அவற்றில் பெரும்பாலும் மனிதர்கள் இல்லை. அக்காலக் கேமராவுக்கு அசையாத பொருள் வேண்டும். அந்த மதுரையைப் பார்க்கும்போதெல்லாம் சனங்களை எங்கே காணோம் என்று தேடுவேன். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் தூண்களுக்கிடையே தையல் மிஷின் ஓட்டியவர்களை நான் எடுத்து வைத்திருக்கிறேன். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அந்தக் காட்சி இனி வராது. ஒருவரிடமும் கேட்டு எடுக்கவில்லை. கேட்டிருந்தால் காலரைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றிருப்பார்கள், வேலை நின்றிருக்கும். ஆகவே வைகைக்கரையோன் தம்பி சொல்வதில் எனக்கு உடன்பாடு.

ஆனால் அம்மா, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, என் ஸ்டூடியோவுக்குள் வந்து காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டவருக்கே அந்தப் படத்தின் உரிமை. வேறு ஒப்பந்தம் இருந்தால்தான் எனக்கு. தெருவில் எடுத்தாலோ, உரிமை எடுத்தவருக்கு, அவர் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் அறுபது ஆண்டும். ஐம்பது ரூபாய் கொடுத்தவருக்குத் தன் முகம் சொந்தம். கேட்காமல் எடுக்கப்பட்ட உங்கள் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. இந்தத் தொழிலில் சோறு தின்றவன் என்ற முறையில் இது எனக்கு உறுத்தல்.

கே.கே.நகர் வக்கீல்:
ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது ஐயா. பதிப்புரிமை வேறு, அந்தரங்க உரிமை வேறு. தமிழகத்து வார இதழ் ஒன்று தொடர்பான ராஜகோபால் வழக்கில் 1994இலேயே உச்ச நீதிமன்றம், ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே ஒருவர் தன் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்றும் சொன்னது. படம் எடுத்தது குற்றமாகாது. உணவகம் அதை வியாபார அலங்காரமாக மாட்டியதை எதிர்த்து உரிமையியல் வழக்குத் தொடர வாதம் இருக்கிறது. வெல்வது உறுதி என்று சொல்ல மாட்டேன். முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். அதற்கே பலர் இறக்கிவிடுவார்கள்.

ஆவணி மூல வீதி வியாபாரி:
பார்த்தீர்களா, எடுக்கலாம் ஆனால் மாட்டக்கூடாது என்றால், எடுக்கும்போதே தடுப்பதுதானே எளிது?

கே.கே.நகர் வக்கீல்:
எளிதுதான். அந்த எளிமைக்காகத்தான் மடப்புரத்தில் அடித்தவர்களும் ஆசைப்பட்டிருப்பார்கள்.

டவுன்ஹால் ரோடு ஸ்டூடியோக்காரர்:
தம்பி வைகைக்கரையோன், அந்த கார்டில் அதற்குப் பிறகு ஏதும் எடுத்தீர்களா? எடுக்கவில்லை என்றால் அழித்த படங்களை மீட்கலாம். கேமரா பட்டியலிலிருந்துதான் நீக்கும். மேலே வேறொன்று எழுதப்படும் வரை படம் அப்படியே கிடக்கும். கார்டைக் கழற்றி வைத்துவிட்டு மீட்பு மென்பொருளில் போட்டுப் பாருங்கள்.

வைகைக்கரையோன்:
ஐயா, நேற்று இரவு மீட்டுவிட்டேன். நாற்பதில் முப்பத்தொன்று வந்துவிட்டன. சுமைதூக்குபவர் தோளில் மூட்டை ஏறும் படம் வந்திருக்கிறது, கண்ணீரே வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓரத்தில் சிந்திய தானியத்தைக் கூட்டி முறத்தில் அள்ளும் ஓர் அம்மா மூன்று படங்களில் இருக்கிறார். மூன்றிலும் முந்தானையால் முகத்தை மூடியிருக்கிறார். எடுத்தபோது வற்றல் நெடிக்காக மூடுகிறார் என்று நினைத்தேன்.

பூக்காரி மகள்:
மற்றப் படங்களில் அவர் இருக்கிறாரா?

வைகைக்கரையோன்:
தூரத்தில், நான் வேறு பக்கம் எடுத்த இரண்டில் இருக்கிறார். அவற்றில் மூடவில்லை.

பூக்காரி மகள்:
அப்படியானால் நெடிக்காக இல்லை. முதல் படத்திலேயே முகத்தை மூடிவிட்டாரே, அடுத்த இரண்டை ஏன் எடுத்தீர்கள்?

வைகைக்கரையோன்:
முந்தானையில் வெயில் பட்டு அழகாக இருந்தது. அதனால்தான் எடுத்தேன்.