புதிய பாணி உடைகளைப் பொருத்தமாகத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி:
அகலமான கால்கள் கொண்ட பேன்ட், தளர்வான லினன் சட்டை என இப்போது பரவியிருக்கும் பாணிகள் எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன; ஆனால் இணையத்தில் வாங்கியவை படத்தில் கண்டதுபோல் எனக்கு அமையவில்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில் 1:
எஸ், எம், எல் என்னும் குறியீடுகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் பழைய உடையொன்றைச் சமதளத்தில் விரித்து, மார்பு, இடுப்பு, நீளம் ஆகியவற்றை அளந்து, விற்பனைப் பக்கத்திலுள்ள அளவுகளோடு ஒப்பிடுங்கள். படத்தில் உடையை அணிந்திருக்கும் மாடலின் உயரத்தையும் கவனியுங்கள்.

பதில் 2:
துணியின் பெயரையும் படியுங்கள். மரக்கூழிலிருந்து செய்யப்படும் விஸ்கோஸ் துணி அழகாக வழிந்து விழும். ஆனால் நனைந்தால் வலுவிழக்கும், சுருங்கவும் கூடும். லினன் கசங்கத்தான் செய்யும். எனக்கு அதுவே அழகு.