பள்ளிக்கு எதிர் மாடியில் செல்போன் டவர்: யாரிடம் போய்க் கேட்பது?

கேள்வி: பாளை அம்மா

பாளையங்கோட்டையில் இருக்கிறோம். மகன் நான்காம் வகுப்பு. அவன் வகுப்பறை மூன்றாவது மாடியில், தெருவைப் பார்த்த பக்கம். எதிர்வீட்டு மொட்டை மாடியில் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளி லீவு நாளாகப் பார்த்து, இரும்புச் சட்டங்களை இறக்கியிருக்கிறார்கள். மறுநாள் பிள்ளையை விடப் போனால் கம்பம் நிற்கிறது. இப்போது அதில் ஆள் உயரத்துக்கு மூன்று வெள்ளைப் பெட்டிகள். ஒன்று நேராகப் பள்ளி ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு தெருதான். அதுவும் ஒரு வேன் வந்தால் எதிரில் வரும் வேன் ஒதுங்கி நிற்க வேண்டிய தெரு.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே களேபரம். புற்றுநோய் வரும், ஞாபகசக்தி போய்விடும், சிட்டுக்குருவி செத்துவிடும், மறியல் பண்ணுவோம், இப்படி. (இதே குழுவில்தான் "வேன் டிரைவருக்கு லைனே கிடைக்கவில்லை, இந்த ஏரியாவில் சிக்னல் சரியில்லை" என்ற புலம்பலும் வரும்.) தலைமையாசிரியையிடம் கேட்டால், "அது நம்ம இடம் இல்லையேம்மா" என்கிறார். வீட்டுக்கார அம்மாவோ "எல்லாம் பெர்மிஷன் வாங்கித்தான் வெச்சிருக்கு" என்கிறார், ஒரு தாளைக்கூடக் காட்டவில்லை.

நான் கேட்பது மூன்றுதான். அந்த ஜன்னலோரம் கதிர்வீச்சு எவ்வளவு இருக்கிறது? எவ்வளவு வரை இருக்கலாம்? யார் வந்து அளந்து சொல்வார்கள்? பயமுறுத்தும் ஃபார்வர்டு யாரும் அனுப்ப வேண்டாம், ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

பதில்: பழைய ரேடியோக்காரன்

தங்கச்சி, டெலிகாமில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். டவர் ஏறிய காலெல்லாம் முட்டிவலியோடு போயிற்று, சரி.

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். சர்வதேச வரம்பு 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சதுர மீட்டருக்கு 4.5 வாட். இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் அதைப் பத்தில் ஒன்றாக்கினார்கள், அதாவது 0.45 வாட். 1800 மெகாஹெர்ட்ஸில் 0.9, 2000 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே 1 வாட். டவர் அலையைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட குறிப்பில், மக்கள் நடமாடும் இடங்களில் அளந்தது சர்வதேச வரம்பில் 0.002 முதல் 2 சதவீதம் வரைதான் என்று இருக்கிறது. பொதுவாக நிலைமை இதுதான்.

ஆனால் உங்கள் தெருவுக்கு இந்தப் 'பொதுவாக' போதாது. அந்த வெள்ளைப் பெட்டிதான் ஆன்டெனா. மணப்பாட்டுக் கலங்கரை விளக்கின் வெளிச்சம் மாதிரி, அதன் அலை தன் உயரத்திலேயே, லேசாகக் கீழே சாய்ந்து, தூரமாகப் போகும். அடியில் நிற்பவருக்கு அதிகம் விழாது. டவர் வைத்த வீட்டுக்காரர் தலையில் கொட்டுகிறது என்று நினைப்பார்கள், உண்மையில் எதிரில் அதே உயரத்தில் இருக்கும் ஜன்னலைத்தான் பார்க்க வேண்டும். அதனால் "பள்ளியிலிருந்து எத்தனை மீட்டர்" என்று மட்டும் கேட்டால் பிரயோஜனமில்லை. பெட்டியின் நடுப்பகுதி எந்த உயரத்தில் இருக்கிறது, வகுப்பறை ஜன்னல் எந்த உயரத்தில் இருக்கிறது, இதைக் கேளுங்கள். தொலைத்தொடர்புத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதலில், ஆன்டெனாவுக்கு நேர் எதிரே அதே உயரத்தில் கட்டடம் இருக்கக் கூடாது, ஒரு ஆன்டெனா என்றால் 20 மீட்டர், இரண்டு என்றால் 35 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று இருந்தது. உங்கள் தெரு அகலத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பெட்டி ஜன்னல் மட்டத்தில் இருந்தால் உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே இருந்தால் அலை பெரும்பாலும் பள்ளிக் கூரையைத் தாண்டிப் போய்விடும்.

அளப்பதற்கு 'தரங் சஞ்சார்' என்று மத்திய அரசின் தளம் இருக்கிறது, 2017இல் வந்தது. வரைபடத்தில் உங்கள் தெருவைத் தொட்டால் பக்கத்து டவர்களெல்லாம் வரும். 4,000 ரூபாய் கட்டினால் நீங்கள் சொல்லும் இடத்துக்கே வந்து அளந்து கொடுப்பார்கள்.

பதில்: கொக்கிரகுளம் குமார்

அண்ணாச்சி சொல்வதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே 2011இல் ரேடியோ அலையை '2பி' பட்டியலில், அதாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்ததே, அதை ஏன் சொல்லவில்லை? 2012 நவம்பரில் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனைப் பக்கம் இருந்த டவர்களை எடுக்கச் சொன்னது. 2017இல் குவாலியரில் ஒருவர் தன் நோய்க்குப் பக்கத்து வீட்டு டவர்தான் காரணம் என்று போய், உச்ச நீதிமன்றம் அந்த டவரை நிறுத்தச் சொன்னது. அதோடு "அளவு சரியாக இருக்கிறது" என்று சான்று கொடுப்பது கம்பெனியேதான். பரீட்சை எழுதுகிறவனே பேப்பர் திருத்தினால்?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். நாலு பேர் கையெழுத்து போதாது, நாற்பது பேர் போடுங்கள்.

பதில்: பழைய ரேடியோக்காரன்

குமார் தம்பி, 2பி இருப்பது உண்மைதான். அதற்கு முக்கிய ஆதாரம் போனைக் காதில் வைத்துப் பல வருடம் பேசியவர்களைப் பற்றிய ஆய்வு, டவர் இல்லை. அதே பட்டியலில் கற்றாழை இலைச் சாறும் ஆசியப் பாணிக் காய்கறி ஊறுகாயும் இருக்கின்றன. டவரையும் குழந்தைகளையும் வைத்தே பிரிட்டனில் பார்த்தார்கள். புற்றுநோய் வந்த 1,397 சின்னக் குழந்தைகளின் பிறந்த வீடு டவருக்கு எவ்வளவு பக்கம், அங்கே அலை எவ்வளவு என்று கணக்குப் போட்டு 2010இல் வெளியிட்டார்கள். தொடர்பு எதுவும் தெரியவில்லை. சிட்டுக்குருவியும் நாடு முழுக்கப் பார்த்தால் பெரிதாகக் குறையவில்லை, சென்னை மாதிரிப் பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று 2020இல் வந்த பறவைகள் அறிக்கை சொல்கிறது.

இன்னொன்று. சிக்னல் பலவீனமான இடத்தில் கையில் இருக்கும் போன் தன் சக்தியைக் கூட்டித்தான் பேசும். அது பிள்ளை காதோடு ஒட்டி இருக்கிறது. டவரை ஊருக்கு வெளியே துரத்தினால் இந்தப் பக்கம் ஏறும்.

கம்பெனியே சான்று கொடுக்கிறது என்பதில் உங்கள் கட்சிதான் நான். துறை சில டவர்களைத்தான் தேர்ந்தெடுத்துச் சோதிக்கிறது. அதனால்தான் தங்கச்சியைப் பணம் கட்டி அளக்கச் சொல்கிறேன்.

பதில்: நாகர்கோவில் மாடிவீடு

எங்கள் மாடியிலும் ஒன்று நிற்கிறது, வாடகை வருகிறது. என்னை யாரும் திட்ட வேண்டாம். கதிர்வீச்சைவிட எனக்குத் தலைவலி ஜெனரேட்டர்தான். கரண்ட் போனால் டீசல் புகை நேராகப் பக்கத்து வீட்டு அடுக்களைக்குள் போகும், துணி காயப்போட்டவர்கள் கீழே நின்று சத்தம் போடுவார்கள். பேட்டரி, கேபின் எல்லாம் சேர்த்தால் எடை கொஞ்சநஞ்சமில்லை. ஒரு மழைக்காலம் முடிந்ததும் பீம் பக்கத்தில் முடி அளவுக்கு வெடிப்பு விட்டது. கையெழுத்துப் போடும்போது அதையெல்லாம் யாரும் சொல்லவில்லை.

அம்மா, அந்த வீட்டின் கட்டட உறுதிச் சான்றிதழ் இருக்கிறதா, யார் கொடுத்தது என்று மாநகராட்சியில் கேளுங்கள். ஜெனரேட்டர் வைத்தால் சத்தத்துக்கும் சட்டம் இருக்கிறது. பள்ளியைச் சுற்றி அமைதி மண்டலமாக அறிவித்திருந்தால் பகலில் 50 டெசிபல்தான். இதற்கெல்லாம் விஞ்ஞானிகளைக் கூப்பிட வேண்டியதில்லை, சீக்கிரம் பதில் வரும்.

அப்புறம், "உங்கள் மாடியில் டவர் வைக்கிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயே அது மோசடி என்று எச்சரித்திருக்கிறது. எங்கள் டவரைப் பார்த்துவிட்டு என் மச்சினன் பணம் கட்டப் போனான், கடைசி நேரத்தில் பிடித்தோம்.

பாளை அம்மா

எல்லோருக்கும் நன்றி. இன்று சாயங்காலம் பள்ளி மாடியில் நின்று பார்த்தேன். பெட்டியின் அடிப்பாகம் ஜன்னலின் மேல் விளிம்புக்குச் சரியாக இருக்கிறது. இரண்டு ஆள் உயரமெல்லாம் இல்லை. 4,000 ரூபாயைப் பெற்றோர் இருபது பேர் பிரித்துக்கொள்கிறோம், மறியல் வேண்டாம் என்று பேசியாகிவிட்டது. குமார் அண்ணன் சொன்ன மனுவையும் கொடுக்கிறோம், சான்றிதழ் நகல் கேட்டு. அளக்க வரும்போது நாங்கள் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா அண்ணாச்சி?

பழைய ரேடியோக்காரன்

உண்டு. பள்ளி வாசலில் நின்று அளந்துவிட்டுப் போக விடாதீர்கள். மூன்றாம் மாடி, தெருப்பக்க ஜன்னல், கதவைத் திறந்து வைத்து, பிள்ளைகள் உட்காரும் உயரத்தில் அளக்கச் சொல்லுங்கள். டவரை ஆன் பண்ணிவிட்டார்களா என்று முதலில் கேளுங்கள். புதுக் கம்பம் என்றால் மாட்டிவிட்டு ஓடாமலே கிடக்கும், அன்றைக்கு அளந்தால் உங்கள் 4,000 வீண். தலைமையாசிரியையும் பக்கத்தில் நிற்கட்டும், அறிக்கையின் ஒரு நகல் பள்ளிப் பேரில் வரட்டும். அளவு வரம்புக்குள்ளேயே வந்தாலும், பெட்டியைக் கொஞ்சம் மேலே ஏற்றவோ திசை திருப்பவோ கேட்கலாம். நாலு போல்ட் கழற்றும் வேலைதான் அது, நான் செய்திருக்கிறேன்.