ஜெர்மன் டெக்னோ டிஜே ஸ்வென் ஃபேட் வாசிக்கிறத நேர்ல பாத்தவங்க இருக்கீங்களா? ஒரு விஷயம் மண்டைலயே நிக்குது

தூக்கங்கெட்டவன்:
ஜெர்மனில மன்ஹைம், டைம் வார்ப்னு ராத்திரி பூரா நடக்குற டெக்னோ திருவிழா, கொரோனாவுக்கு முன்னாடி ஒரு ஏப்ரல். மைமார்க்ட்ஹாலேங்குற கண்காட்சி வளாகத்துல வருஷா வருஷம் நடக்குறதுதான், தெரிஞ்சவங்களுக்கு விளக்கம் வேண்டாம். ஆபீஸ்ல பக்கத்து சீட்டு ஜெர்மன்காரன் இழுத்துட்டுப் போனான், அதுவரைக்கும் எனக்கு டெக்னோன்னா ஜிம்ல போடுற சத்தம், அவ்ளோதான். ராத்திரி பூரா ஹால் ஹாலா சுத்தி, விடிஞ்சு காலு ரெண்டும் கட்டையாயிடுச்சு, கிளம்பலாம்டான்னா "பப்பா ஸ்வென் (அப்பான்னு அர்த்தம், அவரோட செல்லப் பேரு) வாசிக்கிறாரு, இப்ப போயா"ன்னு முறைக்கிறான்.

எப்படியோ மேடைக்கு சைடுல இடம் கிடைச்சது. அங்கதான் மாட்டுனேன். மனுஷன் ரெக்கார்டு பைக்குள்ள குனிஞ்சவரு நிமிரவே இல்ல. ஒண்ண பாதி இழுக்குறாரு, பாக்குறாரு, திரும்ப சொருகுறாரு, இன்னொண்ணு, அதுவும் வேணாம், எங்கம்மா தீபாவளிக்கு புடவை எடுக்குற மாதிரி. இங்க ஓடிட்டிருக்குற தட்டுல ஊசி லேபிள்கிட்ட வந்துடுச்சு, பாட்டு முடியப்போகுது. சுத்தி ஆடிட்டிருக்குற ஆயிரக்கணக்கான பேருக்கு ஒண்ணுமே தெரியாது, எனக்கு மட்டும் கடைசி ஓவர் பாக்குற மாதிரி நெஞ்சு அடிக்குது. கடைசில ஒண்ண உருவி, வச்சு, ஹெட்போன தோள்ல இடுக்கி, என்ன ஒரு அரை நிமிஷம் இருக்குமா, அந்த கனமான பேஸ் சத்தம் உள்ள வந்துச்சு பாருங்க, ஹாலே கத்துது. நான் ஆடல, அந்தப் பையையே பாத்துட்டு நிக்குறேன்.

என் கேள்வி இதான்: அடுத்து என்ன போடப்போறோம்னு அவருக்கு நெஜமாவே தெரியலையா, இல்ல சும்மா படம் காட்டுறதா?

ரெண்டுடெக்கு:
படமெல்லாம் இல்ல ப்ரோ. அவரு ரொம்ப காலமா வினைல்தான், அதான் இசைத்தட்டு, மத்தவங்கெல்லாம் யூஎஸ்பிய சட்டைப் பைல போட்டுட்டு வர்ற காலத்துலயும் பொட்டி தூக்கிட்டு வந்தவரு. யூஎஸ்பின்னா பாட்டு முடிய எத்தனை செகண்டுன்னு ஸ்க்ரீனே சொல்லிடும். தட்டுல எதுவும் சொல்லாது, கோடுங்க எங்க அடர்த்தியா இருக்கு எங்க வெளுத்திருக்குன்னு பாத்து, பேஸ் எங்க போகுது எங்க வருதுன்னு கண்ணாலயே கணக்கு போடணும். பிட்ச் ஸ்லைடர கையால நகத்தி ரெண்டு தட்டோட வேகத்தையும் ஒண்ணாக்கணும். கூட்டத்தப் பாத்து அப்பதான் முடிவு பண்ணுவாங்க, அதுக்குதான் பை.

நான் பாத்தது ஸ்பெயின்ல இபிசா தீவுல, அம்னீசியா கிளப், அவரே நடத்துற திங்கக்கிழமை கொக்கூன் நைட், 2014. காலைல டெரஸ்ல வெளிச்சம் இறங்கும்போது வேகத்த கொறச்சு ஒரு தட்டு போட்டாரு. பக்கத்துல ஒரு அறுபது வயசு அம்மா, வெள்ளை முடி, கண்ண மூடிட்டு அழுறாங்க. ஏன்னு கேக்கல. இன்னிக்கும் கேட்டிருக்கலாமோன்னு இருக்கு. 2018ல கொக்கூன் பாச்சாங்குற இன்னொரு கிளப்புக்கு மாறிடுச்சு, அப்புறம் நான் போகல.

பிராங்க்ஃபர்ட்_பெடியன்:
நீங்கள் எல்லாம் கண்டனீங்கள். நான் காணேல்ல, அதுதான் என்ர கதை. 1998 ஒக்டோபர், ஓமன் பூட்டுற இரவு. பத்து வருசம் பிராங்க்ஃபர்ட்டில யுங்ஹோஃப்ஸ்ட்ராசேயில இருந்த கிளப், ஸ்வென்ர வீடு மாதிரி. எனக்கு 17 வயசு, சிநேகிதன் வீட்ட படிக்கப் போறன் எண்டு அம்மாட்டச் சொல்லிப்போட்டு வெளிக்கிட்டனான். போனா றோட்டு முழுக்கச் சனம். உள்ளுக்குப் போக வழியே இல்லை, வங்கிக் கட்டடங்களுக்கு நடுவில நிண்டு சனம் ஆடுது. நானும் வெளியில நிண்டன். நெஞ்சுக்குள்ள அதிருற அந்த இடி மட்டும் ஞாபகம் இருக்கு. ஓமனுக்குள்ள நான் ஒரு நாளும் கால் வைக்கேல்ல, இனி வைக்கவும் ஏலாது. பிறகு 2004ல அதே நகரத்தில, ஃபெஷன்ஹைமில, ஸ்வென்ர கொக்கூன் கிளப் திறந்து, சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையா, அதுக்குள்ள ஏறி இருக்கலாம், அதுக்கு நல்லாப் போனனான், அதுவும் 2012ல பூட்டியாச்சு. ஆனா சொப்பனத்தில வாறது அந்த றோட்டுத்தான்.

வீட்ட வர விடிஞ்சிட்டுது. அம்மா ஒண்டும் கேக்கேல்ல, தேத்தண்ணி வச்சுத் தந்தவா. அது இன்னும் மோசம்.

சும்மாசொல்றேன்:
ரெண்டுடெக்கு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். அந்தாளுக்கு படம் காட்டுறது ரத்தத்துலயே இருக்கு, தப்பாவும் சொல்லல. அப்பா அம்மா நடத்துன பப்புலதான் சின்னப் பையனா தட்டு சுத்த ஆரம்பிச்சது. 1986ல ஓஃப்னு ஒரு குரூப்ல 'எலெக்ட்ரிகா சல்சா' பாட்டுக்கு குரல் குடுத்து ஹிட்டாகி, பாப் ஸ்டார் மாதிரி சுத்துனவரு. அதுல கூட இருந்த ரெண்டு ப்ரொட்யூசருங்கதான் அப்புறம் ஸ்னாப்னு டான்ஸ் குரூப் ஆரம்பிச்சாங்க, நம்ம காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல தேய்ச்ச 'ரிதம் இஸ் எ டான்சர்' அவங்களோடதுதான். அப்படிப்பட்ட ஆளு சைடுல ஒருத்தன் பாக்குறான்னு தெரிஞ்சா பைய கொஞ்சம் கூடவே துழாவுவாரு.

2022ல பிராங்க்ஃபர்ட் ஹவுப்ட்வாஹே சதுக்கத்துல மோமெம் தொறந்தாங்களே, எலெக்ட்ரானிக் மியூசிக் மியூசியம், மொத கண்காட்சியே இவரப் பத்திதான். பொண்ணக் கூட்டிட்டுப் போனேன், ஆறு வயசு. எல்லாம் பாத்துட்டு "இந்தத் தாத்தா செத்துட்டாராப்பா"ன்னு கேட்டா. இல்லம்மா, இன்னும் ராத்திரி பூரா முழிச்சு வாசிக்கிறாருன்னேன். "அப்ப ஏன் மியூசியம்"னா. பதில் வரல.

காதுபத்திரம்:
நானும் ஒரு தடவ மன்ஹைம் போனேன், நல்லா இருந்துச்சு. ஆனா யாருமே முக்கியமான விஷயத்த சொல்லல. சைடுல நின்னேன் சைடுல நின்னேன்னு சொல்றீங்களே, ஸ்பீக்கர்கிட்டயா? 85 டெசிபல்னா எட்டு மணி நேரம் தாங்கலாம்ங்கறாங்க, ஒவ்வொரு மூணு டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், நீங்களே கணக்கு போடுங்க, 100 டெசிபல்னா வெறும் 15 நிமிஷம். நீங்க ராத்திரி பூரா நின்னிருக்கீங்க. காதுல பஞ்சு மாதிரி உருட்டி வைக்கிற அடைப்பான் பரவால்ல, ஆனா பாட்டு கம்பளிக்குள்ள கேக்குற மாதிரி இருக்கும், ம்யூசிஷியன்ஸுக்குன்னு ஃபில்டர் வச்சது வருது, அத வாங்குங்க, சத்தம் கொறையும் பாட்டு கெடாது. ஸ்பேரா ஒரு ஜோடி ஃப்ரெண்டுக்கு. நடுநடுவுல வெளிய வந்து காதுக்கு ரெஸ்ட் குடுங்க. மறுநாள் கொய்ங்னு கேட்டா சும்மா விடாதீங்க, போகலன்னா டாக்டர பாருங்க. தண்ணி குடிங்க. புது ஷூ போடாதீங்க. ஜாக்கெட்ட கார்டரோபேல, அதான் கோட்டு வாங்கி வைக்கிற இடம், குடுத்த டோக்கன போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, நான் தொலைச்சுட்டு ஏப்ரல் குளிர்ல டீ-ஷர்ட்டோட ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன்.

தூக்கங்கெட்டவன்:
அண்ணே, நான் கேட்டது பையப் பத்தி 🙏 கொய்ங் ரெண்டு நாள்ல போயிடுச்சு.

ரெண்டுடெக்கு, கோடு பாத்து கணக்கு போடணும்னீங்க சரி, ஆனா அவரு கவர்லேர்ந்து வெளியவே எடுக்கலையே, அட்டைய மட்டும் பாத்து எப்படி வேணாம்னு சொருகுனாரு?

ரெண்டுடெக்கு:
அம்மா புடவைய பிரிச்சா பாக்குறாங்க?