மறு: ‘ஃபயர் லேப்பிங்’ – ‘தீத்தேய்ப்பு’ பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

> ரிவால்வர் குழலைச் சீராக்கும் ‘ஃபயர் லேப்பிங்’ முறைக்குத் ‘தீத்தேய்ப்பு’ என்று வைத்துக்கொண்டால் என்ன? சுருக்கமாகவும் இருக்கிறது, மூலத்துக்கு நெருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வேலையில் தீ எதையும் தேய்ப்பதில்லை. ஆங்கிலச் சொல்லின் முற்பாதி இங்கே நெருப்பைக் குறிக்காமல் துப்பாக்கி சுடும் செயலைக் குறிக்கிறது. ‘தீத்தேய்ப்பு’ என்று படிக்கும் மாணவர், குழலைச் சூடாக்கித் தேய்ப்பதாகவே நினைப்பார். இழையில் இன்னொரு நண்பர் எழுதிய ‘புடமிடல்’ காதுக்கு இனிமையானது. எனினும் அது பொன்னுக்கும் சித்த மருந்துக்கும் உரிய சொல். இங்கே நடப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பெயர் வைக்கும் முன் வேலை என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்த்துவிடுவது நல்லது.

இந்த முறை பெரிதும் பேசப்படுவது, வார்த்த ஈயக் குண்டுகளை ரிவால்வரில் பயன்படுத்தும் அமெரிக்கக் குறிபார்ப்போரிடையே. 1873இல் வந்த .45 கோல்ட், 1935இல் வந்த .357 மேக்னம், 1955இல் வந்த .44 மேக்னம் ஆகிய தோட்டா வகைகளுக்குத் தாங்களே அச்சில் ஈயம் வார்த்துக் குண்டு செய்துகொள்பவர்கள் அங்கே ஏராளம். அவர்களை நெடுங்காலமாக வாட்டும் சிக்கல், குழல் சட்டகத்தோடு சேரும் இடத்தில் இருக்கிறது. குழலின் பின்முனையில் வெளிமரை வெட்டி, அதைச் சட்டகத்தின் உள்மரையில் இறுகத் திருகுகிறார்கள். அந்த இறுக்கம் சற்று மிகுந்தாலும் மரை உள்ள பகுதியில் உலோகம் உள்நோக்கி அழுந்தி, துளை நெரிந்துவிடும். நெரிவின் அளவு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 25 மைக்ரான்தான் இருக்கும். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் குண்டுக்குத் தெரியும்.

ஈயம் நசுங்கினால் நசுங்கியதுதான். பழைய அளவுக்குத் தானாக மீளாது. நெரிந்த இடத்தில் சிறுத்துவிட்ட குண்டு, அதற்கு அப்பாலுள்ள அகன்ற பகுதியில் சுவரோடு ஒட்டாமல் ஓடுகிறது. பின்னாலிருந்து தள்ளும் கொதிவாயு அந்த இடைவெளியில் புகுந்து குண்டின் ஓரத்தை அரித்துக்கொண்டு போகிறது. அரித்த ஈயம் புரிப்பள்ளங்களில், அதாவது குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் திருகலாக வெட்டிய பள்ளங்களில், படிந்து அடைகிறது. சில சுற்றுகளுக்குள் குறி சிதறத் தொடங்குகிறது.

நெரிவு இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. துப்பாக்கியில் தோட்டா எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, தோட்டாக்களைத் தாங்கும் சுழலுருளையைக் கழற்றி வைத்து, துளைக்கு எண்ணெய் தடவி, துளையைவிடச் சற்றே பெரிய மெத்தென்ற ஈய உருண்டையை வாய்முனையில் வைத்து, மரக்கோலால் மெல்லத் தட்டி உள்ளே செலுத்துவார்கள். புரியில் பதிந்த பிறகு உருண்டை ஒரே சீராக நகரும். சட்டகத்தை நெருங்கியதும் கோல் சட்டென்று கனத்து, தட்டைக் கூட்டிக் கேட்கும். கைக்கு அந்த வேறுபாடு ஐயமில்லாமல் தெரியும். வெளியே விழுந்த ஈயத்தை மைக்ரோமீட்டரில் அளந்தால், துளையின் மிகக் குறுகிய இடத்தின் அளவு எண்ணாகவே கிடைத்துவிடும்.

இனி சீராக்கும் வேலை. தூய ஈயத்துக்கு நெருங்கிய மென்மையுள்ள குண்டுகளை, தேய்பொடி கலந்த பசை தடவிய இரண்டு எஃகுத் தகடுகளுக்கிடையே வைத்து உருட்டுவார்கள். பொடியின் மணிகள் ஈயத்தின் பக்கங்களில் அழுந்திப் பதிந்துகொள்ளும். மேலே ஒட்டியிருக்கும் மிகைப் பசையைத் துடைத்துவிட்டு, அவற்றைக் குறைந்த வெடிமருந்தோடு தோட்டாவில் ஏற்றிச் சுடுவார்கள். நெரிந்த இடத்தில் குண்டுக்கும் சுவருக்கும் அழுத்தம் மிகுதி. ஆகவே பொடி அங்கேதான் அதிகம் அறுக்கிறது. அதைத் தாண்டியதும் குண்டு சிறுத்துவிடுவதால் மற்ற பகுதிகளில் அறுப்பு குறைவு. மருந்து மிகுந்தால், நெரிவைக் கடந்த குண்டு வாயுவின் அழுத்தத்தில் மறுபடி பருத்து, அறுக்க வேண்டாத இடத்தையும் அறுத்துவிடும் என்பதால்தான் வேகத்தைக் குறைக்கிறார்கள். சில குண்டுகளுக்கு ஒருமுறை துளையைத் துடைத்து, ஈய உருண்டையைச் செலுத்திப் பார்த்து, நெரிவு மறையும்வரை தொடர்கிறார்கள். முடிவில் துளை பின்முனையில் நூலளவு அகன்றும் வாய்முனையில் நூலளவு குறுகியும் அமைகிறது. ஈயக் குண்டுக்கு இதுவே உகந்த வடிவம் என்பது இம்முறையைக் கையாள்வோரின் கருத்து.

இந்த விளக்கத்தில் ‘தேய்ப்பு’ என்ற சொல் போதாது என்பது புலப்படும். செருப்பும் தேய்கிறது, டயரும் தேய்கிறது, சுட்டுச் சுட்டுத் துப்பாக்கிக் குழலும் தானாகவே தேய்கிறது. அந்தத் தேய்மானம் வேண்டாதது; இது வேண்டிச் செய்வது. ‘மெருகேற்றல்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். மெருகு பளபளப்பைத் தருமே தவிர அளவை மாற்ற வேண்டியதில்லை. நெரிந்த இடத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றினாலும் அது நெரிந்த இடமாகவே இருக்கும். ‘சாணை பிடித்தல்’ கடினமான கல்லால் செய்வது. லேப்பிங்கின் இயல்பு அதற்கு நேர்மாறானது: மெத்தென்ற கருவி பொடியைத் தன்னுள் பிடித்துக்கொண்டு, தன்னைவிடப் பன்மடங்கு கடினமான உலோகத்தை அறுக்கிறது. ஈயம் எஃகைச் செதுக்குவது கேட்பதற்கு வியப்பாக இருக்கலாம். வேலை செய்வது பொடி, ஈயம் அதன் கைப்பிடி.

ஆகவே ‘லேப்பிங்’ என்பதற்கு ‘இழைப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். சந்தனம் இழைக்கிறோம், குழந்தைக்கு வசம்பு இழைத்துக் கொடுக்கிறோம், தச்சர் இழைப்புளியால் பலகையை இழைக்கிறார். ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பொறுமையாக உராய்ந்து விரும்பிய நிலைக்குக் கொண்டுவருவது என்னும் பொருள் இச்சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது. தச்சரின் இழைப்போடு குழம்பும் என்று அஞ்சுவோர், தேவைப்படும் இடத்தில் ‘பொடியிழைப்பு’ என்று முழுமையாக எழுதலாம். மோட்டார் பட்டறைகளில் வால்வையும் அதன் இருக்கையையும் பசை தடவித் திருகித் திருகிப் பொருத்துகிறார்களே, அந்த ‘வால்வு லேப்பிங்’ வேலையும் வால்விழைப்பு என்று இதே வரிசையில் வந்து அமரும்.

பொடியைப் பற்றி ஒரு சிறு விலகல். இந்த வேலைக்குரிய பொடிகளில் ஒன்று அலுமினியம் ஆக்சைடு, அதாவது குருந்தக்கல். ஆங்கிலத்தில் அக்கனிமத்துக்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயர் நம் ‘குருந்தம்’ என்பதிலிருந்து போனதுதான். எட்வர்ட் அச்சிசன் 1890களில் சிலிக்கன் கார்பைடைச் செய்துகாட்டி, அதற்கு அந்தப் பெயரையே நீட்டிக் ‘கார்போரண்டம்’ என்று வைத்தார். நம் பட்டறைகளில் கார்போரண்டம் கல் என்று கேட்டு வாங்குபவர், தமிழ்ச் சொல்லின் பேரனைத்தான் விலைகொடுத்து வாங்கி வருகிறார். ‘அப்ரேசிவ்’ எல்லாவற்றுக்கும் ‘குருந்தப்பொடி’ என்று வைக்கலாம் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் வைரப் பொடியும் கண்ணாடிப் பொடியும் அதற்குள் அடங்கா. பொதுச்சொல்லாகத் ‘தேய்பொடி’யே இருக்கட்டும்.

சொல்லின் முற்பாதிக்கு வருவோம். எதனால் இழைக்கிறோமோ அதன் பெயரை முன்னே வைப்பது ஒரு வழி. வாள்வெட்டு, கத்திக்குத்து என்பவை போலக் குண்டு, இழைப்பு இரண்டையும் புணர்த்திப் பாருங்கள். புணர்ந்து வரும் சொல்லை எந்த வகுப்பறையிலும் சிரிப்பில்லாமல் உச்சரிக்க முடியாது. இலக்கணம் சரியாக இருப்பதால் மட்டும் ஒரு சொல் பிழைத்துவிடுவதில்லை. ஈழத்து வழக்கிலுள்ள ‘சன்னம்’ குண்டைவிடக் கூர்மையான சொல். வெடிகுண்டோடும் மின்குமிழோடும் அது குழம்பாது. ஆயினும் தமிழ்நாட்டில் சன்னம் என்றால் நுண்மை, மெல்லியது. ‘சன்ன இழைப்பு’ என்பதை இங்குள்ளவர்கள் நுண்பொடியால் செய்யும் கடைசிக் கட்ட வேலை என்றே புரிந்துகொள்வார்கள். பருபொடியோடு தொடங்கும் ஒரு வேலைக்கு அது தவறான வழியைக் காட்டும். ‘ஈய இழைப்பு’ என்பதும் பிரித்துக் காட்டாது. ஏனெனில் கையால் செய்யும் பழைய முறையிலும் கோலின் நுனியில் ஈயத்தை வார்த்து, குழலின் புரிக்கு ஏற்ற அச்சாக்கி, எண்ணெயும் பொடியும் இட்டு முன்னும் பின்னும் இழுக்கிறார்கள். அங்கும் இழைப்பது ஈயமே.

எஞ்சுவது செயல். சுட்டு இழைப்பதால் ‘சுட்டிழைப்பு’. ‘சுடு’ என்ற வினைக்கு நெருப்பும் உண்டு, துப்பாக்கியும் உண்டு, வடையும் உண்டு, ஏன், திருட்டும் உண்டு; ஆகவே குழப்பம் வராதா என்று கேட்கலாம். ‘சுட்டு வீழ்த்தினர்’, ‘சுட்டுக் கொன்றனர்’ என்று நாளிதழில் படிக்கும் எவரும் தீயை நினைப்பதில்லை. துப்பாக்கி பற்றிய பேச்சில் அந்த வினையின் பொருள் தானாகவே நிலைகொண்டுவிடும். ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல்லின் அமைப்பும் இதுவே. அதனால் வினையாகவும் தடையின்றி ஓடுகிறது: கண்டுபிடித்தார் என்பதுபோலச் சுட்டிழைத்தார் என்று எழுதலாம். கலைச்சொல்லாக்கத்தில் நாம் பெரும்பாலும் பெயர்ச்சொல்லோடு நின்றுவிடுகிறோம். பிறகு வாக்கியம் எழுத உட்காரும்போது ‘மேற்கொள்ளப்பட்டது’ என்ற ஊன்றுகோல் இல்லாமல் அந்தச் சொல் ஓர் அடிகூட நகர்வதில்லை.

சொல் தேறுகிறதா என்பதை வாக்கியத்தில் இட்டுத்தான் பார்க்க வேண்டும். “சுழலுருளையின் அறைத்தொண்டைகள் (தோட்டா அறைகளின் முன்வாய்கள்) குழலின் புரிப்பள்ள விட்டத்தைவிடச் சிறியவையாக இருந்தால், குண்டு குழலுக்குள் நுழையும் முன்பே சிறுத்துவிடும், அத்தகைய ரிவால்வரில் தொண்டைகளை ரீமரால் அகட்டிய பிறகே குழலைச் சுட்டிழைக்க வேண்டும்.” எனக்கு இது தடுக்கவில்லை. கையால் செய்வதைக் ‘கோலிழைப்பு’ என்று கொண்டால், இரண்டையும் ஒப்பிட்டு இப்படி எழுத முடிகிறது: “கோலிழைப்பில் எந்த இடத்தை எவ்வளவு அறுப்பது என்பதைக் கை முடிவு செய்கிறது, சுட்டிழைப்பில் அதை நெரிவே முடிவு செய்கிறது.” புதுத் தோட்டாவைச் சுட்டு, அதன் பித்தளைக் கூட்டைத் துப்பாக்கி அறையின் வடிவத்துக்கு விரியச் செய்யும் ‘ஃபயர் ஃபார்மிங்’ முறைக்கும் இதே வழியில் ‘சுட்டுருவாக்கம்’ கிடைக்கிறது. ‘தீ’ என்று தொடங்கியிருந்தால் அங்கும் அதே தவறு தொடர்ந்திருக்கும்.

நம் கலைச்சொல் தொகுப்பில் இச்சொல்லுக்கு எழுதும் விளக்கத்தில் இரண்டு எச்சரிக்கைகள் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. மருந்து அளவுமீறிக் குறைந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடக்கூடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். அறுத்த எஃகைத் திரும்ப ஒட்டவும் முடியாது. தேவைக்கு மேல் சுட்டிழைத்த குழலில் வாய்விளிம்பும் புரிமேடுகளும் மழுங்கி, முன்பிருந்த குறியும் போய்விடும். செப்புறை போர்த்திய குண்டுகளை மட்டுமே சுடுபவருக்கு இந்த வேலையால் கிடைக்கும் பயன் குறைவு என்பதை ஒரு வரியில் சேர்த்தால் போதும்.

துணைச்சொற்களில் மரை இறுக்கத்தால் வரும் நெரிவுக்கு ‘மரைநெரிவு’ என்று வைக்கலாம்; புரியின் இரு பகுதிகளுக்குப் ‘புரிப்பள்ளம்’, ‘புரிமேடு’ என்று மேலே எழுதியிருக்கிறேன். இவற்றுக்கு மறுப்பு எழாது என்று எண்ணுகிறேன். ‘ஃபோர்சிங் கோன்’ ஒன்றுதான் இன்னும் அமையவில்லை. சுழலுருளையிலிருந்து இடைவெளியைத் தாண்டி வரும் குண்டைக் குழல் ஏற்றுக்கொள்ளும் கூம்பு வாய் அது. பொடி பதிந்த குண்டு முதலில் உரசுவதும் அங்கேதான். பட்டியலில் உள்ள ‘அழுத்தக்கூம்பு’ அழுத்தமானியை நினைவூட்டுகிறது. ‘புகுகூம்பு’, ‘வாங்குகூம்பு’ இரண்டில் நான் முன்னதன் பக்கம் சாய்கிறேன். கடைசல் வேலை தெரிந்த நண்பர்கள் கூம்புத் துளைக்குப் பட்டறையில் வழங்கும் பெயர் ஏதேனும் இருந்தால் எழுதுங்கள். அது கிடைத்தால் இரண்டையும் விட்டுவிடலாம்.