நாலு மதத்தாருக்கும் ஒரே பந்தி: யாராவது வழி சொல்லுங்கள்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து உறவுகளே, தோட்டத்து மண்டபத்தில் சர்வமதக் கூட்டமும் பகல் சாப்பாடும் ஏற்பாடாகிறது. நாள் வெள்ளிக்கிழமை, கத்தோலிக்கருக்குத் தவக்காலம். அன்று அவர்கள் இறைச்சி தொடமாட்டார்கள், இந்துக்களான நம்மவர்களில் பலருக்கும் விரதம். அதனால் முழுக்க மரக்கறிதான்.

ஆனாலும் தவறு நுழையும் இடங்கள் உண்டு. சம்பலிலும் பருப்பிலும் கை பழக்கத்தில் மாசித்தூள் விழுந்துவிடும். அது மீன், விரதம் கெட்டுவிடும். ஜெலட்டின் சேர்த்த ஜெலி முஸ்லிம்களுக்கும் சைவக்காரருக்கும் ஆகாது, கடற்பாசியில் செய்யலாம். வாடகைச் சட்டியில் முன்பு பன்றி இறைச்சி சமைத்திருந்தால் முஸ்லிம்கள் சாப்பிடத் தயங்குவார்கள்.

பெரிய சிக்கல் நேரம். ஹாமதுருமார் (பௌத்த பிக்குகள்) நண்பகலுக்கு முன்பே உண்டு முடிக்க வேண்டும். புத்தருக்குப் படைத்து, பிறகு தான உணவைக் கையால் ஒப்படைத்த பின்னரே அவர்கள் உண்பார்கள். ஆகவே 11 மணிக்காவது பரிமாறத் தொடங்க வேண்டும். ஜும்ஆத் தொழுகையோ சூரியன் உச்சி சாய்ந்த பிறகுதான். முஸ்லிம்கள் பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்ப 1.30 ஆகும். இரண்டு பந்தி வைப்பதே மரியாதை என்று நினைக்கிறோம். எல்லாரையும் 11 மணிக்கே உட்கார வைப்பது சரியாக வராது.

உதவி வேண்டியது: 150 பேருக்குச் சமைக்க, இறைச்சி படாத பெரிய அண்டாக்கள் எங்கே கிடைக்கும்? தானம் ஒப்படைக்கும் பாளி வாக்கியங்களைச் சொல்லித்தர யார் வருவார்கள்? முதல் பந்திச் சோற்றை 1.30 வரை சூடாக வைத்திருப்பதா, இரண்டாவது உலை வைப்பதா? இங்குள்ள குளிரில் எது சரிவரும் என்று சமையல்காரர்கள் சொல்லுங்கள்.