ஜெரோம் கடிகாரம்: மேயராக இருந்தவர் ஓட்டாண்டியானது உண்மையா?

பினாங்குப் பையன்:
லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஒரு பழைய சுவர்க்கடிகாரம் பார்த்து வைத்திருக்கிறேன். மரப்பெட்டி, கதவைத் திறந்தால் பின்பலகையில் பழுப்பேறிய தாள், அதில் ‘சான்சி ஜெரோம், நியூ ஹேவன்’ என்று அச்சு. கடைக்காரர் “இவர் அந்த ஊர் மேயர் லா, கடைசியில் எல்லாம் போய்ச் செத்தார்” என்கிறார். விலையை ஏற்றக் கதை அளக்கிறாரா?

பழைய சாமான் பைத்தியம்:
கதை உண்மைதான் தம்பி. 1793இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பிறந்தவர், அப்பா கொல்லர். 1816இல் ஈலை டெர்ரி என்ற கடிகாரத் தயாரிப்பாளரிடம் கடிகாரப் பெட்டி செய்யும் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது மலிவுக் கடிகாரங்களில் பல்சக்கரம்கூட மரம்தான். கப்பலில் ஏற்றினால் ஈரத்தில் ஊதி நின்றுவிடும், நம்ம பினாங்குக் காற்றுக்கு ஒரு மாதம் தாங்காது. 1830களின் கடைசியில் ஜெரோமும் உடன்பிறந்த நோபலும் பித்தளைத் தகட்டில் வெட்டிய சக்கரங்களுக்கு மாறினார்கள், விலை சரசரவென்று இறங்கியது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1842இல் நடந்தது. இங்கிலாந்துக்கு முதல் சரக்கு போகிறது. லிவர்பூல் சுங்கத்துக்காரர்கள் விலைப்பட்டியலைப் பார்த்து, இந்த விலைக்குக் கடிகாரம் வரவே வராது, வரி ஏய்க்கக் குறைத்துப் போட்டிருக்கிறான் என்று முடிவுகட்டி, அன்றைய சட்டப்படி அவர் போட்ட விலைக்கு மேல் 10 விழுக்காடு கொடுத்து மொத்தத்தையும் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்குக் கசக்குமா? கைமேல் காசு, விற்கிற அலைச்சல் மிச்சம். இன்னும் பெரிய சரக்காக அனுப்பினார், அதையும் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவதில்தான் அவர்களுக்கு உறைத்தது.

பட்டர்வொர்த் அக்கா:
விழுந்த கதையை நான் சொல்கிறேன். 1845இல் கனெக்டிகட்டின் பிரிஸ்டல் ஊரில் இருந்த அவர் தொழிற்சாலை எரிந்துபோக, எல்லாவற்றையும் அதே மாநிலத்து நியூ ஹேவனுக்கு மாற்றினார். 1854–55இல் மேயர். அந்த 1855இலேயே சர்க்கஸ் புகழ் பி. டி. பார்னம் பங்கு வைத்திருந்த கடிகாரக் கம்பெனியோடு கூட்டு; கொஞ்ச நாளில் ரெண்டு பேரும் திவால். பார்னம், தான் 1,10,000 டாலருக்குத்தான் கடன் சீட்டில் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டதாகவும் ஜெரோம் கம்பெனி அதற்கு மேல் போய்விட்டதாகவும் சொன்னார். ஜெரோமோ, அந்தப் பக்கத்துக் கடன்தான் தன் தலையில் விழுந்தது, நிர்வாகத்தைத் தான் கவனிக்கவில்லை என்றார். அதுதான் எனக்கு இடிக்கிறது. தன் பேரில் ஓடுகிற கம்பெனியின் கணக்கைப் பார்க்காதவர், கேட்டால் தெரியாது என்கிறார்!

பார்னம் எழுந்துவிட்டார், 1875இல் அவரே பிரிட்ஜ்போர்ட் மேயரானார். ஜெரோமுக்கோ திவாலானபோதே அறுபது தாண்டிவிட்டது. அப்புறம் அடுத்தவர் பட்டறைகளில் வேலை பார்த்து, 1868இல் போய்ச் சேர்ந்தார்.

பினாங்குப் பையன்:
அக்கா, அப்போ வாங்கலாமா?

பழைய சாமான் பைத்தியம்:
அவசரப்படாதே. தாளில் ‘நியூ ஹேவன்’ இருப்பதால் மட்டும் அவர் செய்தது என்று ஆகாது. அவர் விழுந்ததும் தொழிலை எடுத்தது நியூ ஹேவன் கிளாக் கம்பெனி, நடத்தியது அவருடைய உடன்பிறந்தவளின் மகன் ஹைரம் கேம்ப். ஜெரோம் பேருக்கு மவுசு இருந்ததால் அதைப் போட்டே விற்றார்கள். ‘பிரிஸ்டல்’ என்றிருந்தால் தீ விபத்துக்கு முந்தியது, அதை விடாதே. எடைக்கட்டியில் ஓடுகிற வகை என்றால் பெட்டிக்குள் ரெண்டு இரும்புக் கட்டி தொங்கணும், பல கடிகாரத்தில் அதுதான் காணாமல் போயிருக்கும், கேட்டுப் பார். அந்தத் தாளை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிடாதே.